திரிக்கும் அவனுக்கும் எத்தனை அடி?



என்னைப் பேசக் கூப்பிட்டதே ஒரு வேடிக்கைதான். நான் சினிமா படித்தவன் இல்லை. முப்பத்தோரு வருஷம் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நேற்று ராத்திரி இதே இடத்தில் படம் முடிந்ததும் உங்கள் செயலாளர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நாளைக்கு அந்த ராஸாவைப் பத்தி நீங்கதான் பேசணும்." "ஏம்ப்பா, ஊர்ல வேற ஆளா இல்ல?" என்றேன். "நீங்கதான் படம் முழுக்க உச்சுக்கொட்டிக்கிட்டே இருந்தீங்க" என்றார். கொட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. எதற்குக் கொட்டினேன் என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். படம் 'தி புரொஃபஷனல்ஸ்', 1966. இயக்கியவர் ரிச்சர்ட் புரூக்ஸ். ஃபிராங்க் ஓ'ரூர்க் எழுதிய ஒரு நாவலிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய பணக்காரர், பெயர் கிராண்ட். அவருடைய இளம் மனைவி மரியாவை மெக்சிகோப் புரட்சிக்காரன் ஹெஸுஸ் ராஸா கடத்திக்கொண்டு போய்விட்டான். ஒரு லட்சம் டாலர் கேட்கிறான். அவளை மீட்டு வரக் கூலிக்கு நாலு பேரை அமர்த்துகிறார் பணக்காரர். லீ மார்வின், பர்ட் லங்காஸ்டர், ராபர்ட் ரையன், வுடி ஸ்ட்ரோட். நாலு பேருக்கும் ஆளுக்கொரு தொழில். ஒருவர் படைத்தந்திரம், ஒருவர் வெடி, ஒருவர் குதிரை, ஒருவர் வில். அதில் இரண்டு பேர் பஞ்சோ வில்லாவின் படையில் இதே ராஸாவோடு தோளோடு தோள் நின்றவர்கள். அதாவது பழைய சிநேகிதனைக் கூலிக்குப் பிடிக்கப் போகிறார்கள்.

ராஸாவாக வருபவர் ஜாக் பேலன்ஸ். அந்த முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். உக்ரைனிலிருந்து போன குடும்பம். இவரும் கொஞ்ச காலம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கன்ன எலும்பு கல்லில் செதுக்கியது மாதிரி இருக்கும். 1953இல் 'ஷேன்' படத்தில் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு ஏழை விவசாயியைச் சேற்றில் நிறுத்திச் சிரித்துக்கொண்டே சுடுவாரே, அவர்தான். 1969இல் 'சே!' என்ற படத்தில் பிடல் காஸ்ட்ரோவாகக்கூட வந்தார். அதைப் பார்க்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கடைசியில் 1992இல் ஆஸ்கர் மேடையில், 73 வயதில், ஒற்றைக் கையால் தண்டால் எடுத்துக் காட்டினார். இப்படிப்பட்ட ஆள் சிரித்தால் நமக்கு இரண்டு தோன்றும். கிட்டப் போகலாம் போலவும் இருக்கும், ஓடிவிடலாம் போலவும் இருக்கும். ராஸா என்கிற பாத்திரத்துக்கு மூலதனமே அந்தச் சிரிப்புதான்.

அவனை முதலில் எப்படிக் காட்டுகிறார்கள் பாருங்கள். அரசாங்கப் படை வருகிற ரயிலை ராஸாவின் ஆட்கள் மடக்குகிறார்கள். பிடிபட்ட சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். நம்ம கூலிப்படை தூரத்துப் பாறை மறைவிலிருந்து அதைப் பார்க்கிறது. குதிரைக்காரர் ரையனுக்கு மனசு கேட்கவில்லை. அப்போது மற்றவர்கள் அவருக்கு விளக்குகிறார்கள், இந்தச் சிப்பாய்கள் இதற்கு முன்னால் யார் யாரை என்னென்ன செய்தார்கள் என்று. அதைக் கேட்டதும் நமக்குக் கணக்கு குழம்பிவிடுகிறது. கொன்றது கொடுமைதான், ஆனால் செத்தவனும் யோக்கியன் இல்லையே என்று மனசு ஒரு அடி பின்வாங்குகிறது. அந்தப் பின்வாங்கின ஒரு அடியில்தான் வில்லன் வந்து நிற்கிறான். கையில் வைத்திருப்பது நியாயம், முகத்தில் சிரிப்பு.

இந்த மாதிரி ஆள் நமக்குப் புதிதா என்ன? 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யை நினைத்துப் பாருங்கள். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் பாதி இயக்கி, டி.ஆர். சுந்தரம் முடித்த படம். கலைஞர் வசனம். அதில் எஸ்.ஏ. நடராஜன் செய்த பார்த்திபன் ராஜகுருவின் மகன். பகலில் மாப்பிள்ளை முறுக்கு, ராத்திரியில் கொள்ளைக்காரன். கொள்ளையடிப்பதைக் கலை என்று வாதாடுவான், நாமும் அடடா என்போம். கட்டின மனைவியைத் தள்ளிவிடுவதற்காக மலை உச்சிக்கு அழைத்துப் போவான். போகிற வழியில் பாட்டு வேறு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடின அந்தப் பாட்டை இன்றைக்கும் கல்யாண வீட்டில் காதல் பாட்டென்று போடுகிறார்கள்! கொலைக்குக் கூட்டிப் போகிற பாட்டு என்று தெரிந்தா போடுகிறார்கள்? குண்டலகேசிக் கதையிலிருந்து வந்த பாத்திரம் அது. அந்தக் கதைப்படியே, மூன்று சுற்று சுற்றிக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவள்தான் அவனைத் தள்ளிவிடுகிறாள். ஆக, கவர்ச்சியான கொடியவன் நம் ஊருக்குக் குதிரை ஏறி வரவில்லை. காப்பியக் காலத்திலிருந்தே குடியிருக்கிறான். புரட்சி என்ற சட்டையை மட்டும்தான் மெக்சிகோக்காரன் சேர்த்துப் போட்டான்.

குதிரையும் தொப்பியும் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது சாயங்கால வேலை. அம்மா, அக்காமார், நான். குழாய்க்கு அச்சகங்களிலிருந்து வருகிற கழிவுத்தாள் வாங்குவோம். சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? சாமி படக் காலண்டர், நோட்டு அட்டை, தீப்பெட்டி லேபிள் எல்லாம் வரும். 1972இல் சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அதன் பிறகு கழிவுத்தாளில் கட்டம் கட்டமாகப் படம் வர ஆரம்பித்தது. ஒரு தாளில் குதிரையின் முன்பாதி இருக்கும், பின்பாதி எந்த வீட்டுத் திண்ணைக்குப் போனதோ! ஒருவன் தொப்பியை மேலே தள்ளிச் சிரிப்பான். அடுத்த கட்டத்தில் அவன் சுட்டானா செத்தானா என்று தெரியாது. அந்தத் தாளை நான் பாய்க்கடியில் ஒளித்து வைப்பேன். "குழாய்க்கு வாங்கின தாள ஒளிச்சு வச்சா வெடிய எதுல சுத்த, உன் தோல்லயா?" என்று அம்மாவிடம் வசவு. அப்படி ஒளித்ததில் தப்பிய கட்டங்கள் போக, மிச்சக் கௌபாய்கள் எல்லாரும் அந்தத் தீபாவளிக்கு ஏதோ ஊர்த் தெருவில் வெடித்துச் சிதறியிருப்பார்கள்.

1984இல் விஜயன் அவர்கள் லயன் காமிக்ஸ் கொண்டுவந்தார். டெக்ஸ் வில்லர் வந்தார், கேப்டன் டைகர் வந்தார், லக்கி லூக் வந்தார். டெக்ஸ் இத்தாலிக்காரர்கள் 1948இல் உண்டாக்கியவர், டைகர் பிரெஞ்சுக்காரர்களின் புளூபெரி. அமெரிக்காவின் மேற்கை ஐரோப்பாக்காரன் கற்பனை செய்தான், அதைச் சிவகாசியில் தமிழில் அச்சடித்தோம், சாத்தூர்ப் பையன் வெள்ளரிக்காய் தின்றுகொண்டே பஸ் ஸ்டாண்டில் படித்தான். திரையிலும் ஒளிப்பதிவாளர் கர்ணன் அதே வேலையைச் செய்தார். ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா' என்று வரிசையாக எடுத்தார். 2010இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்து, ஒரு ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்துக் கடனைத் தீர்த்தார். நாசர்தான் அதில் வில்லன். அவர் வருகிற இடமெல்லாம் சிரித்தோம், சிரிப்பு நின்ற இடத்தில் அவர் ஆதிக்கம் தெரிந்தது. 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படமும் அதே வரிசைதான், உங்களுக்கே தெரியும்.

சரி, உச்சுக்கொட்டின கதைக்கு வருகிறேன்.

லங்காஸ்டர் படத்தில் வெடி நிபுணர். வாயில் சுருட்டு. டைனமைட் குச்சியை அந்தச் சுருட்டிலேயே பற்ற வைப்பார். நான் போர்மேன். என் ஆலை வாசலில் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவேன். உள்ளே வந்ததும் வாசல்படியில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைக்க வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க. நைலான் துணி கூடாது, பருத்திதான். இரும்புச் சாமான் கூடாது, பித்தளையோ மரமோதான். அறைக்கு நாலு பேர், ஐந்தாவது ஆள் அவசரத்துக்குக்கூட நிற்கக் கூடாது. கலந்த மருந்தில் மிச்சம் வைத்து மறுநாள் தொடக் கூடாது. அலுமினியப் பவுடர் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டு கிடக்கும், வெளியே பார்த்தால் சாந்தமாகத் தெரியும். இதையெல்லாம் தினமும் கத்திக் கத்திச் சொன்னவன் அந்தச் சுருட்டைப் பார்த்தால் உச்சுக்கொட்டாமல் என்ன செய்வான்? இன்னொன்று, டைனமைட்டுக்கு வெறும் திரி போதாது, முனையில் டெட்டனேட்டர் வேண்டும். கல்குவாரியில் வேட்டு வைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார். அதற்கும் சேர்த்து உச்சுக்கொட்டினேன்.

செர்ஜியோ லியோனி 1971இல் எடுத்த மெக்சிகோப் புரட்சிப் படம் இன்னும் மோசம். ஜேம்ஸ் கோபர்ன் மோட்டார் சைக்கிளில் வருவார், அயர்லாந்துக் கலகக்காரர். வழிமறித்தவர்கள் முன்னால் கோட்டை விரித்துக் காட்டுவார். உள்பக்கம் முழுக்க வெடி. தன்னைச் சுட்டால் ஊரே போய்விடும் என்பார் சிரித்துக்கொண்டு. மற்ற ஊரில் விசில் பறந்திருக்கும். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் என் காதில் கேட்டார்: "இந்தக் கோட்டோட இவன் குண்டுங்குழியுமான ரோட்டுல வண்டி ஓட்டியா வந்தான்?" உராய்வு என்ற வார்த்தையை நாங்கள் வெடிவிபத்துச் செய்திகளில் எத்தனை தடவை படித்திருப்போம்! சினிமாவில் வெடி என்பது ஆளுக்கு நகை மாதிரி. மாட்டிக்கொண்டால் அழகு கூடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்துக் கலவை அறையில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைத்தான் நான் வெடி நிபுணர் என்பேன். விடிகாலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிடுவார். சல்லடையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி மெள்ளத் தட்டுவார். தட்டுகிற சத்தமே கேட்காது, மருந்து மாவு மாதிரி இறங்கும். இமை மட்டும்தான் அசையும். வெளியே வந்தால் ஊரைச் சிரிக்க வைப்பார். உள்ளே இருக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு நாள் நான் வாசலில் நின்று ஏதோ நையாண்டி பேசினேன். அவர் சல்லடையைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்து, வெளியே வந்து, நூறு அடி தள்ளிக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "தம்பி, இப்பச் சொல்லு, சிரிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பதவிக் காலம் முழுக்க அந்த அறை வாசலில் நான் வாய் திறந்ததில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், கொடி நிறமும் வேண்டாம். எழுபதுகளின் கடைசி. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களில் கூலித் தகராறு. காலையில் நாலு மணிக்கே பஸ் வந்து சின்னப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற காலம் அது. அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சுருட்டை முடி, குரல் வெல்லம். முதல் நாள் கூட்டத்தில் பேசினார், இரண்டாம் நாள் எங்கள் அக்காமார் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய வசியம் தெரியுமா? கட்டைக்கு இத்தனை பைசா என்று எண்ணி வாங்கிப் பழகினவளை, "என்ன மாரியம்மா, கைப்புண் ஆறிருச்சா?" என்று ஒருவர் கேட்டால் அவள் உயிரைக் கேட்டாலும் கொடுப்பாள். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். இன்றைக்கும் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். மறியலுக்கு முன்வரிசையில் பெண்பிள்ளைகளை நிறுத்தினார். போலீஸ் வேன் வந்தபோது திரும்பிப் பார்த்தோம், அவரைக் காணவில்லை. மதுரை பஸ்ஸில் ஏறினதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பதினாலு பேருக்கு வேலை போயிற்று. அதில் ஒருத்தி எங்கள் அக்கா.

அவர் சொன்ன நியாயம் பொய்யில்லை, அதனால்தான் அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட முடியவில்லை. நாற்பது வருஷமாக இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் நான் வில்லன் முகத்தைப் பார்ப்பதில்லை. திரிக்கும் அவனுக்கும் எத்தனை அடி தூரம் என்று பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் ராஸாவை வையுங்கள். கொல்லுகிறான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கதை பாதிக்கு மேல் போனதும் தெரிகிறது, மரியாவை அவன் கடத்தவே இல்லை. அவள் அவனுடைய பழைய காதலி. கிராண்ட் என்கிற கனவான்தான் அவளை வாங்கிப்போய் வீட்டில் வைத்தவர். தன் மனைவி என்று எந்தப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டாரோ, அவளைத் தூக்கிவரக் காசு கொடுத்து வேறு நாலு பேரை அனுப்புகிறார். ராஸா என்ன செய்கிறான்? கூலிப்படை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது துரத்த ஆள் அனுப்பவில்லை. தானே வருகிறான். ஆட்கள் ஒவ்வொருவராக விழ, கணவாய்ப் பாறையிடுக்கில் குண்டடிபட்டுக் கிடக்கிறான். எதிர்ப் பாறைக்குப் பின்னால் பழைய சிநேகிதன் லங்காஸ்டர். இரண்டு பேரும் சுட்டுக்கொள்கிற இடைவெளியில் பேசிக்கொள்கிறார்கள். புரட்சியை ஒரு காதலி மாதிரி பேசுகிறான் ராஸா. முதலில் தெய்வமாகத் தெரிந்தவள் நாள்பட நாள்பட என்னவாகத் தெரிகிறாள், ஆனாலும் ஏன் அவளை விட்டுப் போக முடியவில்லை என்று. அந்தப் பேச்சில் மயங்காதவர் யார்? நானும் மயங்கினேன். ஆனால் பேசுகிறவன் இருபதடி தூரத்தில் ரத்தம் ஒழுகக் கிடந்து பேசுகிறான். மதுரை பஸ்ஸில் இருந்து பேசவில்லை.

அதே 1966இல் இத்தாலியில் தாமியானோ தாமியானி ஒரு படம் எடுத்தார். 'அல்ஜியர்ஸ் போர்' எழுதிய ஃபிராங்கோ சோலினாஸின் கைவண்ணம் அதிலும் உண்டு. எல் சுஞ்சோ என்று ஒரு கொள்ளைக்காரன், ஜான் மரியா வொலொன்தே. இரைச்சல், குடி, கும்மாளம், துப்பாக்கி திருடிப் புரட்சித் தளபதிக்கு விற்கிற தொழில். அவனோடு ஒட்டிக்கொள்கிறான் ஒரு வெள்ளைக்காரப் பையன். மழுமழுவென்ற முகம், கசங்காத கோட்டு, குடிக்கமாட்டான், அதட்டமாட்டான். அவன் பெட்டியில் ஒரே ஒரு தங்கத் தோட்டா இருக்கிறது. தளபதியைத் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடத்தான் வந்திருக்கிறான். சிரிக்கிற கரடுமுரடனை வில்லன் என்று நினைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வில்லன் அவன் பக்கத்திலேயே பவ்வியமாக உட்கார்ந்திருந்தான். கடைசியில் சுஞ்சோ, பங்குப் பணம் கையில் வந்த பிறகு, அந்தப் பையனை ரயில் நிலையத்தில் வைத்துச் சுடுகிறான். ஏன் சுட்டான் என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பணத்தை ஏழை ஒருவனிடம் விட்டெறிந்து, ரொட்டி வாங்காதே, டைனமைட் வாங்கு என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். உலகம் முழுக்க அந்த இடத்தில் கைதட்டினார்களாம். எனக்குக் கை எழும்பவில்லை. ரொட்டி வாங்கக் காசில்லாமல்தான் எங்கள் ஊர் வெடி செய்யப் போனது.

உண்மையான பஞ்சோ வில்லாவுக்கும் இந்தக் கவர்ச்சி வியாபாரம் தெரிந்திருந்தது. 1914 ஜனவரியில் அமெரிக்காவின் மியூச்சுவல் ஃபிலிம் கம்பெனியோடு 25,000 டாலருக்கும் லாபத்தில் பங்குக்கும் ஒப்பந்தம் போட்டார், தன் போர்களைப் படமெடுக்க. கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமென்று பகலில்தான் சண்டை போட ஒப்புக்கொண்டார் என்பார்கள். அது கட்டுக்கதை. ஆனால் கட்டுக்கதை என்று தெரிந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம் பாருங்கள், அதுதான் அந்த ஆளின் வசியம். அவருடைய வலக்கை ஃபியர்ரோ கைதிகளைச் சுட்டே பெயர் வாங்கினவன். அவனைக்கூட 1968இல் சார்லஸ் பிரான்சன் நடித்து ரசிக்க வைத்துவிட்டார்.

நம் விருதுநகரிலும் ஒரு புரட்சி நடந்தது. 1956 ஜூலை 27இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார், சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி, இன்னும் பல கோரிக்கைகளோடு. அக்டோபர் 13இல் உயிர் போயிற்று. அவரை வைத்து ஒரு வெஸ்டர்ன் எடுக்க முடியாது. குதிரை இல்லை, சிரிப்பு இல்லை, திரி அவர் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. கட்டிலில் கிடக்கிற கிழவரை எத்தனை ஷாட் எடுப்பது?

வெடியை வேடிக்கை பார்க்கிற ஆசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. இங்கே பலருக்கு அந்தத் தேதி மறக்காது. செத்தவர்கள் 40 பேர் அளவில். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்க நின்றவர்கள். அடுத்த வெடி அவர்களை எடுத்துக்கொண்டது. நேற்று வுடி ஸ்ட்ரோட் டைனமைட்டை அம்பில் கட்டி ராஸாவின் கோட்டைக்குள் விட, கட்டடம் கட்டடமாகப் பறந்ததே, அப்போது இந்த அரங்கில் பாதிப் பேர் கைதட்டினீர்கள். பாதிப் பேர் தட்டவில்லை. இருட்டில் யாரென்று தெரியாது. ஆனால் தட்டாதவர்கள் எந்த ஊர்ப் பஸ் பிடித்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

படம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு தங்கச்சி என்னிடம் வந்தாள். திருத்தங்கல் பக்கம் ஃபேன்சி ரகத்தில் வேலை பார்க்கிறவள். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது. எத்தனை கழுவினாலும் அது முழுசாகப் போகாது. அவள் ராஸாவைப் பற்றிக் கேட்கவில்லை. லங்காஸ்டரைப் பற்றியும் கேட்கவில்லை. ராஸாவின் படையில் சிகீட்டா என்று ஒரு பெண் வருகிறாளே, கணவாயில் குண்டடிபட்டு, சாகிற நேரத்தில் லங்காஸ்டர் மேல் துப்பாக்கியை அமுக்கி, குண்டு தீர்ந்துபோய் வெறும் சத்தம் மட்டும் வர, அவன் மடியிலேயே உயிர் போகுமே, அவளைப் பற்றிக் கேட்டாள்.

"அண்ணாச்சி, கடைசில அந்த ராஸாவையும் மரியாவையும் வண்டில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. சரி. இந்தப் பொண்ணு வீட்டுக்கு யாரு போய்ச் சொன்னா?"

படத்தில் அது வரவில்லை என்றேன்.

"வராதுல்ல" என்றாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.